முழங்கை அக்காவின் சாப்பாட்டு மேசை

லண்டனில் தமிழ் ஆண்கள் முழு உண்மை பேசிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முருகன் கோயில் இல்லை, மாதா கோயிலும் இல்லை, மனைவி பக்கத்தில் இருக்கும் வீட்டு வரவேற்பறை நிச்சயமாக இல்லை. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், ஒரு சேலைக் கடையின் மாடியில், கம்பளி விரித்துக் கிடந்த ஒரு பழைய சாப்பாட்டு மேசை. அதில் குப்புறப் படுத்த எவனும் பொய்யோடு எழும்பிப் போனதில்லை. ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மேசைக்குச் சொந்தக்காரியின் உண்மைப் பெயர் உள்ளூர்க் கவுன்சில் கடதாசிகளில் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் முழங்கை அக்கா. வயது ஐம்பது இருக்கும். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சேலைக்கு மேல் ஆண்களின் கார்டிகன், காலில் மேசு என்ற காலுறை, அதற்கு மேல் செருப்பு. கார்டிகனின் வலது கை எப்போதும் மேலே சுருட்டியிருக்கும். அந்த முழங்கை எண்ணெயில் ஊறி ஊறிப் பித்தளைக் குமிழ்போல மினுங்கும்.

பெயர் வந்த காரணம் இதுதான். பெண்களுக்கு அவர் இரண்டு கையாலும் பிடித்துவிடுவார். ஆண்களுக்கு முழங்கை மட்டும். அகப்பையால் சூடான நல்லெண்ணெயை முதுகில் ஊற்றி, முழங்கையால் தேய்த்து, முழங்கையால் அமத்தி, முழங்கையாலேயே "எழும்பு" என்று தட்டுவார். அந்நிய ஆண்களைக் கையால் தொடுவதில்லை என்பது அவர் கொள்கை. முழங்கையும் கைதானே என்று கோயில் நிர்வாகக் குழுவில் முக்கால் மணி நேரம் விவாதம் நடந்ததாம். கடைசியில் விளக்கம் கேட்டு ஒருவரை அனுப்பினார்கள்.

"பஸ்ஸில ஒரு நாளைக்கு எத்தினை முழங்கை உங்களில படுது? அதுக்கெல்லாம் தாலி கட்டுறியளோ?" என்று அக்கா கேட்டார்.

விவாதம் முடிந்தது. குழுவில் மூன்று பேருக்கு இடுப்பு நோவு இருந்தது. அடுத்த கிழமையே மூவரும் வந்து படுத்தார்கள்.

மாடியின் முன்பக்கம் அழகு நிலையம். அங்கே அக்காவின் மருமகள் வசந்தி, நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்துவாள். கடலை மாப் பூச்சு, மஞ்சள் பூச்சு, கலியாணப் பெண் அலங்காரம் எல்லாம் உண்டு. பின்பக்கம் மேசை. இரண்டுக்கும் நடுவில் திரையாக ஒரு பச்சை நைலெக்ஸ் சேலை. திரைக்குப் பின்னால் பெண்கள் படுத்திருந்தால் வசந்தி ரேடியோவைக் கூட்டிவிடுவாள். ஆண்கள் படுத்திருந்தால் ரேடியோவை நிறுத்திவிடுவாள். அது அக்காவின் சட்டம். "ஆம்பிளையளின்ர இரகசியத்தால ஆருக்கும் நட்டமில்லை" என்பார்.

இரகசியம் எங்கிருந்து வந்தது என்றால், அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. நோவு எப்படி வந்தது என்று உண்மை சொல்லாதவரின் மேல் முழங்கையை வைக்க மாட்டார்.

மினிகாப் என்ற வாடகைக் கார் ஓடும் ஒரு தம்பி கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தான். கிரிக்கெட்டில் பந்து பிடிக்கப் போய் விழுந்தானாம்.

"எந்தப் பக்கமா விழுந்தனீர்?"

"இடது பக்கமா, அக்கா."

"இடது பக்கமா விழுந்தவருக்கு வலது பக்கம் ஏன் வீங்கியிருக்கு? எழும்பும் தம்பி. போய் யோசிச்சுப்போட்டு வாரும்."

"ஐயோ அக்கா, கட்டிலில இருந்து விழுந்தனான்."

"சும்மா விழுந்தனீரோ?"

திரைக்கு இந்தப் பக்கம் ஆறு பெண்கள் மூச்சு விடாமல் இருந்தார்கள்.

"மனுசி தள்ளிவிட்டவ."

"அப்பிடிச் சொல்லும். தானா விழுந்த நோவுக்கு ஒரு இடம், தள்ளிவிட்ட நோவுக்கு வேற இடம்."

ஹரோவில் இருந்து காரில் ஒரு சீமாட்டி வந்தார். தனக்கு நோவு ஒன்றும் இல்லை, ரிலாக்ஸ் பண்ணத்தான் வேண்டும் என்றார்.

"அப்ப வீட்டை போய்ப் படுங்கோ. அதுதான் நல்ல ரிலாக்ஸ்" என்று அக்கா சொல்லிவிட்டார். அந்த அம்மா, கீழே வைத்திருந்த கைப்பையைக் கோபத்தோடு எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. "நில்லுங்கோ பிள்ளை. அந்த இடுப்பு என்ன கதை சொல்லுது?" என்றார் அக்கா. ஒரு மணி நேரம் கழித்து அவர் கண் சிவந்து, நடை இலேசாகி வெளியே வந்தார். என்ன கதை என்று யாருக்கும் தெரியாது. ரேடியோ கத்திக்கொண்டிருந்தது.

ஒரு கலியாணப் பெண்ணின் தாய், மகளைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொன்னபோது அக்கா அவரை யன்னலுக்குக் கூட்டிப்போய்த் தெருவைக் காட்டினார். "வெள்ளை வேணுமெண்டால் கீழ நிறைய நிக்கினம். இது உங்கட பிள்ளை. இவவை வடிவாத்தான் ஆக்கலாம்."

இனி என் கதை.

நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். நகரத்தின் நடுவே ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் எனக்கு வேலை. அதுவரை உண்மை. கோட்டும் டையும் அணிந்து, கையில் தோல் பெட்டியோடு விடியற்காலை முதல் ரயிலில் போவேன். லண்டனில் பெரிய ஆபீஸ்கள் விடியவே திறந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். தோல் பெட்டிக்குள் இருந்தது ஒரு நீல ஓவரோல், தொழிலாளர் உடுப்பு. என் வேலை, நடைபாதைகளைத் தரை மினுக்கும் மெசினால் மினுக்குவது. மெசினின் கைபிடியைச் சற்று உயர்த்தினால் அது வலப்பக்கம் பாயும். தாழ்த்தினால் இடப்பக்கம் பாயும். கொஞ்சம் அசந்தால் ஆளையே சுவரில் கொண்டுபோய் மோதும். நாலு வருடம் அதோடு மல்லுக்கட்டி, என் வலது தோள் காதுவரை ஏறிவிட்டது.

மனைவி என்னை இழுத்துக்கொண்டு அக்காவிடம் போனாள். நான் பெனியனோடு மேசையில் படுத்தேன். மனைவி திரைக்கு முன்னால் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், வசந்தியின் நூலுக்கு முகத்தைக் கொடுத்தபடி, கோயில் செயலாளரின் மனைவி. ரேடியோ நின்றது.

"மாஸ்டர், இது எப்பிடி வந்தது?"

"ஆபீசில டைப் அடிச்சு வந்தது, அக்கா."

முழங்கை மெதுவாக இறங்கித் தோளின் ஓரிடத்தில் நின்றது.

"டைப் அடிக்கிறவைக்குக் கழுத்தில வரும், விரலில வரும். இது ஏதோ சாமான் உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கு. ஆபீசில மாடு வளக்கினமோ?"

"இல்லை..."

"குதிரையோ?"

முழங்கை அரை அங்குலம் இறங்கியது. நான் இலக்கணம் படிப்பித்த குரலில், அந்த மாடி அதிரக் கத்தினேன்: "மெசின், அக்கா! நிலம் மினுக்கிற மெசின்! நான் கிளீனர்!"

"அதுதானே பாத்தன்" என்று அக்கா அமைதியாகச் சொல்லி வேலையைத் தொடங்கினார். இருபது நிமிடத்தில் என் தோள் அதன் இடத்துக்கு இறங்கியது. நாலு வருடத்தில் முதல் தடவையாக நான் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஆனால் திரையை விலக்கி வெளியே வந்தபோது செயலாளரின் மனைவியின் நாற்காலி வெறுமையாக இருந்தது. வசந்தி நூலோடு நின்றாள். "ஒரு புருவம்தான் முடிஞ்சது, மாமா. மற்றது பிறகு செய்யிறன் எண்டு ஓடிட்டா."

அந்த ஒற்றைப் புருவம் பின்னேரத்துக்குள் முழு ஹை ஸ்ட்ரீட்டையும் சுற்றி வந்துவிட்டது.

வீட்டுக்குப் போக பஸ் ஏறினோம். இறங்கும்போது மனைவி கேட்டாள். "அந்த ஓவரோலை இவ்வளவு நாளும் ஆர் தோய்ச்சது?"

"நான்தான். வேலையில வைச்சு."

"அதுதான் பெட்டியில அந்த நாத்தம். நாளைக்குக் கொண்டு வாங்கோ. நான் தோய்க்கிறன்."

அவ்வளவுதான். ஒரு மனிதன் அதோடு திருந்தியிருக்க வேண்டும். நான் திருந்தவில்லை. மரக்கறிக் கடைக்காரன், "மெசின் மாஸ்டர், எங்கட நிலத்தையும் ஒருக்கா மினுக்கிவிடுங்கோவன்" என்றான். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே எங்கேயோ எதையோ தூக்கியும் துடைத்தும் கொண்டிருந்தவர்கள். ஆனாலும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து தட்டச்சுப் பொறியைத் திறந்தேன்.

கவுன்சிலுக்கு நான் எழுதிய முறைப்பாடு என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த ஆங்கிலம். சான்றிதழ் இல்லாத சிகிச்சை, முறையற்ற அழுத்தம், சாப்பாட்டு மேசையில் ஆண்களின் உடல்கள் என்று மூன்று பந்தி. கீழே பெயர் இல்லை. "அக்கறையுள்ள ஒரு குடியிருப்பாளர்" என்று மட்டும். தட்டி முடித்தபோதுதான் கவனித்தேன், தோளில் கொஞ்சமும் நோவு இல்லை. அவர் சுகமாக்கிய கையால்தான் அவருக்கு எதிராக எழுதியிருந்தேன்.

மூன்று கிழமை கழித்து எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றார். கார்டிகன் பையில் இருந்து ஓர் உறையை எடுத்தார்.

"மாஸ்டர், கவுன்சில் எனக்குக் காதல் கடிதம் போட்டிருக்கு. உங்களை விட்டால் இதை வாசிக்க ஆர் இருக்கினம்?"

அனுமதிப்பத்திரம் இல்லாமல் சிகிச்சை செய்ய முடியாது. தங்கள் குழு முன் வந்து விளக்கம் தராவிட்டால் மாடியைப் பூட்ட வேண்டும் என்று கவுன்சில் எழுதியிருந்தது. கூடவே முறைப்பாட்டின் பிரதி. என் கடிதத்தை நானே தமிழாக்கி, என் குசினியில், அடுப்பருகே வைத்து, அவருக்கே வாசித்துக் காட்டினேன். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"எழுதினவர் நல்லாப் படிச்ச ஆள் போல கிடக்கு" என்றார். "இதுக்கு மறுமொழி இதைவிட வடிவா எழுதுங்கோ."

அந்த இரண்டாவது கடிதத்தை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது. எதிராளி கெட்டிக்காரன்.

அதைப் படித்துவிட்டுக் கவுன்சிலில் இருந்து ஒரு பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர். எனக்குத் தனியாக ஒரு வழி சொன்னார்: படிவத்தில் "நோவு" என்ற சொல்லே வேண்டாம், "அழகுக்கும் ஓய்வுக்கும்" என்று எழுதினால் அனுமதி இலகுவாகக் கிடைக்கும். நான் மொழிபெயர்த்தேன். அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"நோவோட வாறவைக்குத்தான் நான் செய்யிறன். ஓய்வெடுக்க வாறவையைத் திருப்பி அனுப்புறன். இதில நான் பொய் எழுதினால், நாளைக்கு எந்த முகத்தோட மற்றவையிட்ட உண்மை கேக்கிறது? மாடியைப் பூட்டினால் பூட்டட்டும். அது கிடக்க, இவருக்குக் கழுத்து ஏன் இப்பிடிச் சரிஞ்சு நிக்குது எண்டு கேளுங்கோ."

கேட்டேன். நீண்ட நேரம் கார் ஓடியதால் என்றார் பரிசோதகர்.

"பொய்யெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் சிவந்தார். யன்னலைப் பார்த்தார். சுகமில்லை என்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு கோல்ஃப் விளையாடப் போனாராம். அடுத்த சனிக்கிழமை, கடமையில் இல்லாத நாளில், அவர் பெனியனோடு வந்து படுத்ததை நானே கண்டேன். ரேடியோ நின்றிருந்தது. ஆனால் அவர் ஆங்கிலத்தில் கத்தியதால் பெண்களுக்கு அவ்வளவு சுவாரசியம் இல்லை.

கவுன்சில் குழு, சுகம் கண்ட ஒருவராவது நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றது. பெண்களில் சிலர் வரத் தயார். ஆனால் முறைப்பாடு ஆண்களைப் பற்றியது. ஓர் ஆண் வேண்டும். நான் வீடு வீடாகப் போனேன். மினிகாப் தம்பி, "அங்க என்ர தொழில், நோவு எல்லாம் பதிவாகுமோ மாஸ்டர்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினான். கோயில் குழு மூவரும் தாங்கள் அந்த மாடிப்படியையே கண்டதில்லை என்றார்கள். தென் லண்டன் ஸ்ட்ரெதத்தில் இருந்து இரண்டு ரயில் மாறி மாதாமாதம் வந்தவர், "எந்த முழங்கை?" என்றார்.

நான் வெறுங்கையோடு போய்ச் சொன்னபோது அக்கா எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "விடுங்கோ. திரைக்குப் பின்னால சொல்லுறது ஒண்டு, வெளிச்சத்தில சொல்லுறது வேற. ஆக்களைக் கஷ்டப்படுத்தாதேங்கோ." என்னைக் கேட்கவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

விசாரணை நாளன்று கவுன்சில் மண்டபத்தில் எங்கள் தெருவே வந்திருந்தது, வேடிக்கை பார்க்க. முன்வரிசையில் செயலாளரின் மனைவி, இரண்டு புருவமும் குறையின்றி. எதிரே குழுவினர் மூன்று பேர். தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மா. அக்கா நின்றுகொண்டே பதில் சொன்னார். நாற்காலியில் இருக்கச் சொன்னபோது, "நிக்கிறவையை இருக்கச் சொல்லுறது மரியாதை, பயந்தவையை இருக்கச் சொல்லுறது வேற. நான் பயப்படேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார். மொழிபெயர்ப்பாளனாக நான் அதையெல்லாம் அப்படியே சொன்னேன். ஏன் முழங்கை என்று கேட்டார்கள். பஸ் கதையைச் சொன்னேன். தலைவி சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: "சாட்சிக்கு ஆண்கள் யாரும் வரவில்லையா?"

மண்டபத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள்.

"நான் இருக்கிறேன்" என்றேன்.

"நீங்கள் மொழிபெயர்ப்பாளர் அல்லவா? உங்கள் தொழில்?"

முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் திரும்பவில்லை. ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னேன். பிறகு, யாருக்கும் விளங்காமல் போகக் கூடாது என்று, தமிழிலும் சத்தமாகச் சொன்னேன்: "நான் நிலம் மினுக்கிற கிளீனர். நாலு வருசம் தூக்க ஏலாமல் கிடந்த கை இது" என்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். வேண்டிய நேரத்துக்கு மேலும் தூக்கியபடியே நின்றேன். மரக்கறிக் கடைக்காரன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் இறக்கியிருக்க மாட்டேன்.

குழு தமக்குள் குசுகுசுத்தது. கடைசியாக ஏதும் சொல்ல விருப்பமா என்று தலைவி அக்காவைக் கேட்டார்.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கடிதத்தை எழுதின ஆளுக்கு எங்க நோகுது எண்டு கேக்கச் சொல்லுங்கோ. பாவம், நோவில்லாத ஆள் இப்பிடி எழுதமாட்டார். வரச் சொல்லுங்கோ, பாப்பம்."

தலைவி என்னைப் பார்த்தார். மண்டபம் பார்த்தது. தூக்கி நின்ற கை கீழே இறங்கிவிட்டது.

"என்ன சொல்கிறார்?"

"குழுவுக்கு 'தாங்க் யூ' சொல்கிறார்" என்றேன்.

அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. கை கழுவ ஒரு தொட்டி, ஒழுங்கான மசாஜ் கட்டில், ஒரு வருடத்துக்குள் சான்றிதழ். தொட்டி வந்தது. கட்டிலும் வந்தது, அதில் துவாய்கள் அடுக்கப்பட்டன. மேசை தன் இடத்தில் இருந்தது. சான்றிதழுக்காகக் கல்லூரி வகுப்புக்குப் போன அக்கா, முதல் நாள் ஆசிரியை ஓடைச் சத்தம் வரும் கசெட்டைப் போட்டதும், "எங்கையோ பைப் பூட்டேல்லை, ஆராவது பாருங்கோ" என்றாராம். எப்படியோ பரீட்சையில் சித்தியடைந்தார். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கழிப்பறையில் மாட்டினார். "தனிய இருக்கேக்க வாசிக்க நல்லது."

அந்த மார்கழியில் என் தோள் மறுபடி பிடித்தது. போய்ப் படுத்தேன். வழமையான கேள்வி வந்தது.

"எப்பிடி வந்தது, மாஸ்டர்?"

"மெசின்தான், அக்கா."

முழங்கை இறங்கவில்லை. நான் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"மாஸ்டர், எனக்கு இங்கிலிஷில ரெண்டே ரெண்டு சொல்லுத் தெரியும். ஒண்டு 'சொறி'. மற்றது 'தாங்க் யூ'. அண்டைக்கு மண்டபத்தில நான் ரெண்டும் சொல்லேல்லை."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி எங்களை நோக்கி நகர்ந்தது. திடீரென்று அக்கா குரல் கொடுத்தார்: "வசந்தி, ரேடியோவைக் கூட்டு."

ஆண்களுக்காக அந்த ரேடியோ பாடியது அன்று ஒரு நாள்தான். பாட்டு முடிந்தது, செய்தி முடிந்தது. மண்டபம் முழுக்கக் கேட்க என் தொழிலைச் சொன்னவனுக்கு, ஒரே ஒரு காதுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சரி. மிச்சத்தைப் பிறகு சொல்லுங்கோ" என்றார். தன் சட்டத்தைத் தானே மீறி, பொய்யின் மேல் முழங்கையை வைத்தார்.

அதற்குப் பிறகு எட்டொன்பது வருடம் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் "மிச்சம்?" என்பார். "பிறகு, அக்கா" என்பேன். அவர் சிரிப்பார். தொண்ணூறுகள் முடியும்போது அவருடைய முழங்கையே தேய்ந்துவிட்டது; டொராண்டோவில் மகளிடம் போனார். போய் இரண்டு வருடத்தில் அவர் காலமான செய்தியை வசந்தி தொலைபேசியில் சொன்னாள். சான்றிதழ் இல்லாமல் ஊரை ஏமாற்றிய மனுசி என்று இன்றைக்கும் கோயில் வாசலில் ஒன்றிரண்டு பேர் சொல்வதுண்டு. அவர்கள் நிமிர்ந்து நின்று சொல்கிறார்களே, அந்த முதுகை யார் நிமிர்த்தியது என்று நான் சத்தமாகக் கேட்பேன். கிழவனுக்கு விசர், பைத்தியம் என்பார்கள். இருக்கட்டும்.

அந்த மாடி இப்போது ஸ்பா. போன கிழமை என் மகள் என்னை அங்கே அனுப்பினாள். ஓடைச் சத்தம், மெழுகுதிரி, வெள்ளைத் துவாய். எனக்குப் பிடித்துவிட்ட பெண் நல்ல பிள்ளை. அமத்துவது போதுமா, அறை சூடு போதுமா என்று எல்லாம் கேட்டாள். நோவு எப்படி வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. நான் சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அக்கா, பழைய இடம்தான், வலது தோள். அந்தக் கடிதத்தை எழுதினது நான். இனி முழங்கையை வையுங்கோ.